வால் இல்லாத நீலப் பொட்டு

சாப்பிட வந்த இடத்தில் தட்டைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பவர்கள் இந்த உலகத்தில் இரண்டே வகை. ஒன்று, தட்டைத் திருட வந்தவர்கள். இன்னொன்று, விருத்தாசலத்துப் பீங்கான்காரர்கள்.

வேல்விழி இரண்டாவது வகை. ஆனால் அன்று மதியம் அவள் அக்கம்பக்கம் பார்த்த பார்வை இருக்கிறதே… முதல் வகைதான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

புதுச்சேரியில், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது அந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடை. பெயர் ‘ஹனா’. உள்ளே போகப் பயப்படும்படியான கடை இல்லை. பத்து மேசை, காகித விளக்கு, பிளாஸ்டிக் உறை போட்ட மெனு. சுஷி எட்டுத் துண்டு, ஒரு கிண்ணம் சூப்பு, இஞ்சி ஊறுகாய், கேட்கக் கேட்க ஊற்றும் பச்சைத் தேநீர்… மதியச் செட்டு நூற்றி எண்பது ரூபாய். பிரியாணிக்கு மேலே, நட்சத்திர ஓட்டலுக்குக் கீழே. இரண்டாயிரத்து ஏழில் காதலியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பந்தா காட்ட அதைவிடத் தோதான விலை கிடையாது.

வேல்விழி தனியாக வந்திருந்தாள். பந்தா காட்ட அல்ல. வேவு பார்க்க.

கடை முதலாளி தேவநாதன், சோயா சாஸ் ஊற்றி வைக்க உள்ளங்கை அளவுக் கிண்ணம் இரண்டாயிரம் வேண்டும் என்று விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் இரண்டு பட்டறைகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். விலை சொல்லும் முன்னால், மனிதர் இப்போது எதில் ஊற்றுகிறார் என்று பார்த்துவிட வேண்டாமா? அப்பா சுப்புராயனின் பட்டறை இருபது வருஷமாகச் செய்தது பீங்கான் ஃபியூஸ் கட்டை. வீட்டுக்கு வீடு பிளாஸ்டிக் சுவிட்சு வந்த பிறகு அதைக் கேட்க ஆளில்லை. இந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை நடக்கும், வேல்விழி நடத்துவாள். கிடைக்காவிட்டால் தை பிறந்ததும் பட்டறைக்குப் பூட்டு, வேல்விழிக்குத் திட்டக்குடியில் மாப்பிள்ளை. அப்பா தேதி குறிக்காத குறைதான்.

சன்னல் கண்ணாடியில் ஐப்பசி மழை கோடு கோடாக வழிந்தது. பரிமாறும் பெண் அந்தப் பக்கம் திரும்பியதும் வேல்விழி காலிக் கிண்ணத்தைச் சட்டென்று கவிழ்த்தாள். அடி வழவழப்பு, ஓரம் மெல்லிசு, நடுவில் லேசான குழி… மனதில் குறித்துக்கொண்டு, விரல் நகத்தால் ஓரத்தில் ஒரு சுண்டு சுண்டினாள்.

‘டிங்…’

நல்ல பீங்கான் அப்படித்தான் பாடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ‘டப்’ என்று அழும்.

அடுத்த நொடி, பக்கத்து மேசையிலிருந்து இன்னொரு ‘டிங்’.

வேல்விழிக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. மெதுவாகத் திரும்பினாள். அங்கே ஒருத்தன், கவிழ்த்த கிண்ணத்தைக் காதோரம் பிடித்தபடி அப்படியே உறைந்து போயிருந்தான். மழையில் நனைந்த தலை. கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சுப் பூசிச் சுட்டு, அப்போதுதான் சூளையிலிருந்து எடுத்தது போலப் பளபளவென்று இரண்டு கறுப்புக் கண்கள்… அந்தக் கண்கள் அவளைப் பார்த்தன. அவள் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தன. மறுபடியும் அவளையே பார்த்தன.

“என்னங்க… அடியில ஏதும் எழுதியிருக்குதா?” அவன்தான் முதலில் கேட்டான்.

“உங்க கிண்ணத்துல என்ன எழுதியிருக்குதோ, அதுதான்.”

“என்னுதுல ஒண்ணுமில்லீங்க. அழகா இருந்துச்சேன்னு சும்மா பார்த்தேன்.”

“நானும் சும்மாதான்.”

“நான் இன்சூரன்ஸுல இருக்கேன். நீங்க?”

“டீச்சர். கடலூரு.”

இன்சூரன்ஸ்காரனின் முழங்கையில் காய்ந்த வெள்ளைக் களிமண் ஒட்டியிருந்தது. ‘ஏண்டா டேய், பாலிசியைக் களிமண்ணுல பிடிச்சா விக்கிறீங்க?’ என்று அவள் மனசு கேட்டது. அவனோ டீச்சரின் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகத்துக்கு அடியிலும் அதே வெள்ளை. சாக்பீஸ் அப்படி ஒட்டாது.

சாப்பாடு வந்தது. கறுப்புக் கடற்பாசித் தாளில் சுருட்டிய வெள்ளரிக்காய்ச் சோறு, முட்டை வைத்தது, அவித்த இறால் வைத்தது, பச்சை மீன் வைத்தது… ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்குப் பச்சையாக ஒரு உருண்டை.

“அந்தப் பச்சையை மட்டும் அப்படியே வாயில போட்டுடாதீங்க” என்றான் அவன்.

வேல்விழி வளர்ந்தது பேரம் பேசும் வீட்டில். எவனாவது ‘இந்த மூட்டையை மட்டும் பிரிக்காதீங்க’ என்றால் முதலில் எதைப் பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். போடாதே என்கிறானா? அப்போது அதில்தான் விஷயம் இருக்கிறது!

முழு உருண்டையையும் குச்சியால் எடுத்து வாயில் போட்டாள்.

அடுத்த கணம் மூக்கு வழியாக மண்டைக்குள் யாரோ சூளை மூட்டினார்கள். கண் இருண்டது, காது அடைத்தது. வெளியே பெய்த மழை மொத்தமும் அவள் கண்ணிலிருந்துதான் பெய்கிறதோ என்று ஒரு சந்தேகம். கையில் யாரோ தேநீர்க் கோப்பையைத் திணித்தார்கள்.

“மூக்கால மூச்சு வுடாதீங்க… வாயைத் தொறங்க… அவ்வளவுதான், இன்னும் அஞ்சு எண்ணுங்க, போயிடும்…”

ஐந்தாவது எண்ணில் போய்விட்டது. கண்ணீர்த் திரை விலகியபோது ஒரு முழ தூரத்தில் அவன் முகம். சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. சிரிக்க வேண்டிய நேரத்தில் சிரிக்காத ஆணை எப்படி நம்புவது?

“சொன்னேன் இல்லீங்க?”

“நீங்க சொன்னதாலதான் சாப்பிட்டேன்!”

இப்போது சிரித்தான். மேல் உதட்டில் ஒரு சின்னக் குழி விழுந்தது. சுடும்போது காற்றுக் குமிழ் உடைந்தால் கிளேஸில் விழுமே, அப்படி. கழித்துப் போட வேண்டிய குறை… ஆனால் கழிக்க மனசு வராத குறை.

‘சீ, என்ன நெனப்பு இது…’ வேல்விழி மிச்சச் சுஷியை வேகவேகமாக விழுங்கிவிட்டு எழுந்தாள். கல்லாவில் இருந்த தேவநாதனிடம் மெல்லிய குரலில், விருத்தாசலத்துக்காரி என்று சொல்லி, சாம்பிள் எத்தனை வேண்டும் என்று கேட்டாள். “வெள்ளிக்கிழமை இருவது கிண்ணம் கொண்டாங்கம்மா. நல்லா இருந்தா ஆர்டரு உங்களுக்கு” என்றார் அவர்.

மழையில் ஓடி விருத்தாசலம் பஸ்ஸைப் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் யாரோ ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன்!

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். கடலூர் வந்தது. பஸ் நின்றது. கிளம்பியது.

“டீச்சர் இறங்கலீங்களா?”

“வடலூர்ல சித்தி வூடு. நீங்க?”

“நெய்வேலியில ஒரு பாலிசி.”

வடலூர் போயிற்று. நெய்வேலியும் போயிற்று. ஒருத்தரும் அசையவில்லை. அவன் தொண்டையைச் செருமினான்.

“சித்தி வூடு மாறிடுச்சுங்களா?”

சிரிப்பை அடக்கியதில் அவளுக்கு மறுபடியும் மூக்கு எரிந்தது. வீம்பு கொஞ்சம் இளகிப் போக, வாயும் தவறியது. “ஒரு வேலை விஷயமா வந்தேங்க. அது கெடைச்சா தப்பிச்சேன். கெடைக்கலைன்னா தையோட எங்கப்பா கதவைச் சாத்திட்டு, என்னைத் திட்டக்குடிக்கு ஏத்தி வுட்டுருவாரு. மாப்பிள்ளை கெட்டவரு இல்ல… எனக்கு அந்த வேலைதான் வேணும்.”

விருத்தாசலத்தில் இறங்கினார்கள். ஒரே ஷேர் ஆட்டோ. பேட்டையில் இறங்கி அவள் ‘அம்புஜவல்லி செராமிக்ஸ்’ கேட்டைத் தள்ளினாள். ஒரே சுவர் தள்ளி, ‘சக்கரபாணி பாட்டரி’ கேட்டை அவன் தள்ளினான்.

“ஓ… நீங்க சக்கரபாணி மவனா!”

“வளவன். படிச்சது வெளியூரு. அப்புறம் ஆறு வருஷம் குஜராத்துல டைல்ஸ் கம்பெனியில இருந்துட்டு, பத்து நாள் முன்னதான் வந்தேன். நீங்க சுப்புராயன் பொண்ணு. டீச்சர்.”

“போங்க இன்சூரன்ஸு!”

படாரென்று கேட்டைச் சாத்தினாள். எட்டு வருஷத்துக்கு முன், பொதுச் சூளைக்குள் தள்ளும் வண்டியில் யார் சாமான் முதலில் ஏறுவது என்று இரண்டு அப்பாக்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றோடு பேச்சு நின்றது. தேவநாதன் சொல்லியனுப்பிய இன்னொரு பட்டறை எது என்பது வேல்விழிக்கு இப்போது விளங்கிவிட்டது. பஸ்ஸில் தான் உளறியதும் சேர்ந்து விளங்கியது. ‘நம்ம பலவீனத்தை நாமளே பொட்டலம் கட்டிக் குடுத்துட்டோமே…’

அன்றிரவே கிண்ணங்களை வார்த்து, மறுநாள் பலகையில் காயவைத்தாள். மத்தியானம் சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“ஏங்க, ஓரத்தை ரொம்ப மெல்லிசா இழைச்சுட்டீங்க. அப்படியே சூளைக்குப் போனா வளைஞ்சுக்கும். அடியில ஒரு வளையம் வெச்சுச் சுடுங்க.”

“ஏன், வளையம் ஒட்டிக்கிட்டு இருவதும் ஒடையணுமா?”

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எதிர்ப் பட்டறைக்காரரு எங்க நல்லதை நெனைக்கிறாருன்னா, நான் இன்னும் ரெண்டு பூட்டு வாங்கணும்.”

தலை மறைந்தது. மறைவதற்கு முன் அந்தக் கண்களில் தெரிந்தது வருத்தமா, கள்ளத்தனமா? ராத்திரி படுத்தும் அதே யோசனை. பச்சை உருண்டையைப் பற்றிச் சொன்னது உண்மை. அதனால் இதுவும் உண்மையா? ஒரு தடவை எடையைச் சரியாகப் போட்டுக் காட்டுவதே அடுத்த தடவை ஏமாற்றத்தானே! வளையம் வைக்கவில்லை.

பேட்டையில் சின்னப் பட்டறைகளுக்குத் தனிச் சூளை கிடையாது. எல்லோர் சாமானும் ஒரே பொதுச் சூளையில் வேகும். கலந்து போகாமலிருக்க, கிளேஸில் முக்கும் முன் ஒவ்வொரு பட்டறையும் அடியில் தன் நிறத்தில் ஒரு பொட்டு வைத்துவிடும். சுப்புராயன் பட்டறைக்கு நீலம். சக்கரபாணி பட்டறைக்குக் காவி. கிளேஸுக்கு அடியில் இருக்கிற பொட்டு வெந்த பிறகு அழியாது. வெந்த பிறகு வைக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சூளை பிரித்தார்கள். பொட்டு பார்த்துச் சாமான் பிரிக்கும் தனக்கோடி தலையைச் சொறிந்தபடி நின்றார்.

“பாப்பா, நீ இருவதுன்னுதானே சொன்ன? உன் பலகையில நாப்பது நீலம் இருக்குது. காவிப் பலகை காலி.”

வேல்விழி பார்த்தாள். இருபது கிண்ணங்கள், வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி ஓரம் சுருண்டு, கோணிக்கொண்டு… அவளுடையவை. பக்கத்தில் இன்னும் இருபது. நேராக, அடக்கமாக, கல்யாணத்துக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக. கவிழ்த்தாள். அடியில் நீலப் பொட்டு.

ஆனால் அவள் வைத்த பொட்டு இல்லை. அவளுக்குப் பிரஷ் எடுக்கும்போது கை ஒரு வெட்டு வெட்டும். அவள் பொட்டுக்குத் தலைப்பிரட்டை மாதிரி ஒரு சின்ன வால் இருக்கும். இவை வால் இல்லாத பொட்டுகள். வட்டமாக, நிதானமாக, யோசித்து யோசித்து வைத்தவை.

‘வளவன்!’

ரத்தம் தலைக்கேறியது. சுடுவதற்கு முன்பே நீலம் வைத்திருக்கிறான். என்ன திட்டம்! இவள் ஆசைப்பட்டு இதைக் கொண்டு போய் முதலாளி முன் வைப்பாள். அவன் எழுந்து நின்று, ‘இது என் அச்சு, என் களிமண், திருடி’ என்பான். ஆர்டரும் போகும், பேரும் போகும். எட்டு வருஷப் பகைக்கு ஒரே அடி!

நாற்பது கிண்ணங்களையும் வைக்கோல் வைத்துக் கட்டி, கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். மாட்டிக்கொள்ளும் முன் மாட்டிவிட வேண்டும்.

‘ஹனா’வில் இன்னும் கூட்டமில்லை. வளவன் தேவநாதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். கதவருகே வேல்விழி காதைத் தீட்டினாள்.

“…எங்க சாமான் சூளையில போயிடுச்சுங்க. இந்தத் தடவை காட்ட ஒண்ணுமில்ல. ஆனா பக்கத்துப் பட்டறைக்காரங்க கொண்டாருவாங்க. சுத்தமான வேலை. நம்பிக் குடுக்கலாம்.”

வேல்விழியின் கால் அப்படியே நின்றது.

அவள் வந்தது கூடத் தெரியாத இடத்தில் நின்று சொல்கிறான். கையில் ஒரு கிண்ணம் இல்லை. பொறி வைக்கிறவன் இரையை மட்டும் வைத்துவிட்டு வலையை வீட்டில் மறந்து வருவானா? அவளை மாட்டிவிட்டு அவன் ஜெயிக்க வேண்டுமென்றால், காட்ட அவனிடம் காவிப் பொட்டில் இருபது இருக்க வேண்டுமே… காவிப் பலகை காலி. சுடுவதற்கு முன்பே காலி. அவள் கிண்ணம் வளையும் முன்பே, வளைந்துவிடும் என்று தெரிந்து, தன்னிடம் இருந்த மொத்தத்துக்கும் நீலப் பொட்டு வைத்துவிட்டு… வெறுங்கையோடு வந்து நிற்கிறான்.

மூக்கு எரிந்தது. பச்சை உருண்டை எதுவும் சாப்பிடாமலே.

ஆனால் வேல்விழிக்கு வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! விறுவிறுவென்று போய்க் கட்டைப் பிரித்து, நாற்பதையும் மேசையில் பரப்பினாள்.

“அண்ணே, இந்த இருவதும் என்னுது. கோணல். இந்த இருவதும் இவருது. நேரு. பொட்டு மட்டும் என் பட்டறை நெறம். யாரோ வார்த்த சாமானுல எனக்கு ஆர்டரு வேணாம். உங்ககிட்ட பொய் சொல்லி இதை வாங்கினா, நாளைக்கு அந்தப் பட்டறையில என்னால நிமிந்து நிக்க முடியாது.”

“ஏங்க…” வளவன் முகம் சுண்டிப் போயிற்று. “பேசாம வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே?”

“நீங்க யாருங்க எனக்குத் தானம் குடுக்க? நான் கேட்டேனா?”

“சொன்னா கேட்டீங்களா நீங்க? பச்சையைப் போடாதீங்கன்னேன், போட்டீங்க. வளையம் வைங்கன்னேன், வைக்கல. சொல்லாமச் செய்யறதைத் தவிர எனக்கு வேற என்ன வழி இருக்குது?”

தேவநாதன் இருவரையும் பார்க்கவில்லை. ஒரு கோணல் கிண்ணத்திலும் ஒரு நேர்க் கிண்ணத்திலும் சோயா சாஸை ஊற்றி ஓரமாக வைத்துவிட்டு, மீன் வெட்டப் போய்விட்டார். ஜப்பானில், ஒசாகாவில் பதினைந்து வருஷம் தட்டுக் கழுவியவர். மனுஷர் சண்டையைவிடச் சாஸ் கறையில்தான் அவருக்கு அக்கறை. கால் மணி கழித்து வந்து, சாஸைக் கொட்டி, ஈரத் துணியால் துடைத்தார். வளவன் கிண்ணத்தில் மெல்லிசாக ஒரு பழுப்பு வளையம் தங்கிவிட்டது. வேல்விழியின் கோணல் கிண்ணம் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது.

“தம்பி, வடிவம் உன்னுது நல்லா இருக்குது. கிளேஸ் பொண்ணுது நல்லா இருக்குது. தனித்தனியா எனக்கு ரெண்டும் வேணாம். ரெண்டு பேரும் சேர்ந்து குடுக்கறதா இருந்தா எடுத்துக்கறேன். ரெண்டு பட்டறை, ஒரே வெலை.”

“ரெண்டு பட்டறை, ஒண்ணரை வெலை” என்றாள் வேல்விழி. மூக்கு எரிச்சல் அடங்கக்கூட இல்லை, பேரம் தானாக வந்தது.

“ஒண்ணே காலு.”

“ஒண்ணே கால்னா, ரெண்டு மதியச் செட்டு. இப்பவே.”

தேவநாதன் சிரித்துக்கொண்டே அடுக்களைக்குள் போனார்.

சன்னலோர மேசை. வெளியே மழை மறுபடியும் ஆரம்பித்திருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“எங்க அப்பாவுக்கும் உங்க அப்பாவுக்கும் ஒரே ஆர்டருன்னா…” அவள் இழுத்தாள்.

“நானே உங்க வூட்டுக்கு வந்து பேசறேன். அந்தக் கோணல்ல ஒண்ணை எடுத்துட்டு வரேன். எங்க கிண்ணம் கறை பிடிச்சதையும் காட்டறேன். ரெண்டு பெருசுங்களும் அடுத்தவன் குறையைப் பார்த்தா சந்தோஷமாயிடுவாங்க.”

சிரித்துவிட்டாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். “ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லணும். எதுக்குச் செஞ்சீங்க?”

வளவன் குச்சிகளை இணையாக அடுக்கினான். கலைத்தான். மறுபடியும் அடுக்கினான்.

“பஸ்ஸுல ‘எனக்கு அந்த வேலைதான் வேணும்’னு சொன்னீங்க இல்ல… அப்ப உங்க கண்ணு இருந்துச்சே… அந்தக் கண்ணு திட்டக்குடிக்குப் போறதை என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதுங்க. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குது. அன்னைக்கு இங்க கிண்ணத்தைச் சுண்டினீங்களே, அந்தச் சத்தத்துலேருந்தே…”

சாப்பாடு வந்தது. அதே எட்டுத் துண்டு. அதே பச்சை உருண்டை.

“அதை அப்படியே வாயில போட்டுடாதீங்க” என்றான் அவன், பழக்கத்தில்.

அவள் உருண்டையைக் குச்சியால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாள். மறுபேச்சில்லை.

வளவன் மிரண்டு போனான். “என்னங்க… சொன்ன உடனே கேட்டுட்டீங்க?”

“இனிமே அப்படித்தான்.”

“இனிமேன்னா… எது வரைக்கும்?”

“எனக்குத் தலை நரைக்கிற வரைக்கும். உங்களுக்கு வழுக்கை விழுற வரைக்கும்…” குனிந்த தலை நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது. “அன்னைக்கு அஞ்சு எண்ணச் சொன்னீங்க இல்ல? எரிச்சல் அஞ்சுல போயிடுச்சு. நீங்கதான் இன்னும் போகல.”

வளவன் அவளையே பார்த்தான். சந்தேகமாக, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். ஆறு நாளாக அவள் அவனைப் பார்த்த அதே பார்வை, இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்திருந்தது.

“நம்பலாங்களா?”

வேல்விழி கையை நீட்டி மேசை நடுவில் வைத்தாள். “வேணும்னா தட்டிப் பாருங்க.”

அவன் ஒரு விரலை நீட்டி, அவள் மணிக்கட்டுக் கண்ணாடி வளையலை நகத்தால் மெல்லச் சுண்டினான்.

‘டிங்…’

“விரிசல் இல்லீங்க” என்றான். சுண்டிய விரலை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கச் சொல்லி அவளும் கேட்கவில்லை.